பெர்கெனி வீட்டு வாள்

"கன்னத்த உப்புங்க மாமா," என்றான் பார்னா.

ஆகோஷ் உப்பினார். வலது கன்னம் மட்டும் மேலே வந்தது. பக்கவாதம் வந்த இந்த மூன்று வாரத்தில் இடது கன்னம் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பார்னா வலப்பக்கம் நுரையைப் பூசிக் காதோரத்திலிருந்து கத்தியை இறக்கினான்.

"மெதுவா. பன்னிக்கு முடி சீவற மாதிரி சீவாத."

"அசையாதீங்க."

"போகப் போறவனுக்கு எதுக்கு மாப்பிள்ளை சவரம்?"

"நாளைக்குப் பெரியம்மா வர்றாங்க. உங்களத் தாடியோட பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"அது நிஜம்," என்று ஒத்துக்கொண்டார் ஆகோஷ். அவருடைய அக்கா அகுஸ்தா தலைநகர் புதாபெஷ்டிலிருந்து ரயிலேறி வந்தாலே வீட்டில் எல்லோரும் நேராக உட்காருவார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கீழே தெருவில் ஒரு பேருந்து முனகிக்கொண்டு நின்றது. ஆகோஷ் கண்ணை மூடியபடியே காது கொடுத்தார்.

"நாலாம் நம்பர். மிஷியோட மகன். கிளட்ச்ச விடவே தெரியாது அவனுக்கு. அப்பன் எப்படி ஓட்டுவான் தெரியுமா? கூடையில முட்ட வச்சிருந்தா ஒண்ணுகூட உடையாது."

முப்பத்தைந்து வருடம் அந்த நாலாம் தடத்தில் ஓட்டியவர் அவர். ரயில் நிலையத்திலிருந்து சர்க்கரை ஆலை, சர்க்கரை ஆலையிலிருந்து ரயில் நிலையம். பெர்கெனி என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் கடைசி ஆண்பிள்ளை என்பதால் பணிமனையில் அவருக்குப் பெயர் 'பிரபு'. பிரபு, டயர் மாத்தணும். பிரபு, டீசல் போட்டாச்சா. அவருக்கு அதில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

"ஒண்ணு சொல்றேன், கேளு," என்றார். நாக்கு தடித்திருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தார். "எங்க தாத்தா சவப்பெட்டி மேல வாள் வச்சாங்க. அப்பாவுக்கு வைக்க முடியல. வாளே அப்ப வீட்டுல இல்ல. என் பெட்டி மேல வைக்கணும்."

"வைக்கலாம் மாமா."

"சும்மா தலையாட்டாத. மியூசியத்துல போய் ஹெட்விக் அம்மாவக் கேளு. எதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"எதுன்னு எனக்கே தெரியுமே. அங்க மூணாம் கண்ணாடிப் பெட்டி."

ஆகோஷ் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

"நீ அவங்களக் கேளு," என்றார் மறுபடியும். "கேப்பியா?"

"கேக்கறேன்."

"இன்னொண்ணு. குடும்பத்துல கடைசி ஆம்பள செத்தா குலச்சின்னத்தத் தலகீழா வைக்கணும்னு அகுஸ்தா சொல்லுவா. விடாத. நம்ம சின்னத்துல நாரை. தலகீழா வச்சா சந்தையில தொங்கற கோழி மாதிரி இருக்கும். வாள் மட்டும் போதும்."

செவிலி ஊசியோடு வந்தாள். வலது கன்னம் முடிந்திருந்தது. பார்னா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனான். தாழ்வாரத்துக் கோடியில் குழாயைத் திறந்து வெகுநேரம் விட்ட பிறகுதான் சூடு வந்தது. கிண்ணத்தை நிறைத்துக்கொண்டு திரும்பியபோது செவிலி கட்டிலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்," என்றாள். "ஊசி போட்டேன், ரெண்டு தடவ மூச்சு விட்டாரு. டாக்டரக் கூப்பிடறேன்."

பார்னா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. நீரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் பாக்கியிருக்கு," என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டாள். பார்னா இடது கன்னத்தில் நுரை பூசினான். இப்போது உப்பச் சொல்ல முடியாது. இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக, பன்றிக்குச் சீவுவது போல் இல்லாமல், சவரம் செய்து முடித்தான்.

*

அகுஸ்தா மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கினாள். எழுபத்து நாலு வயது. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் சொந்தமாகச் சுட்ட போகாச்சா ரொட்டி இரண்டு டப்பா. அழுது முடித்துவிட்டுத்தான் ரயிலை விட்டு இறங்கியிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததுமே தொடங்கினாள்.

"நீ இளைச்சுட்ட. வாளுக்குச் சொல்லியாச்சா?"

"இனிமேதான் போகணும் பெரியம்மா."

"பாதிரியார்கிட்ட நான் போன்ல சொல்லிட்டேன். வெள்ளி உறை, நீலப்பச்சைக் கல்லு, தங்கப்பூச்சு. நம்ம வீட்டுக் கூடத்துல தொங்கும். சாயங்கால வெயில் பட்டா சுவரெல்லாம் நீலப் புள்ளி விழும். ஆகோஷ் அத எண்ண ஆரம்பிச்சா சாப்பிடவே வரமாட்டான்."

"நீங்க மியூசியத்துல போய்ப் பாத்ததே இல்லியா?"

"எங்க வீட்டுலேருந்து சர்க்கார் பறிச்சு லாரியில ஏத்திட்டுப் போனத நான் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?" என்றாள் அகுஸ்தா. "சாகற வரைக்கும் மாட்டேன். இப்ப அதுவா வரட்டும், பாத்துக்கறேன்."

பார்னா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிறு தவறாமல் அவன் போகிற வழிதான். அவன் மனைவி, ஆகோஷின் மகள் லில்லா, தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து, முப்பது வயதில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்திலேயே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பார்னாவுக்கு வேறு வீடு பார்க்கத் தோன்றவில்லை. மாமனாரும் போ என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரு சமையலறையில் பேசாமல் சாப்பிட்டார்கள். பார்னா ராபா ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போய் வந்தான். ஆகோஷ் பணி ஓய்வு பெற்றும் காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். கிழவர் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப் போய்விடுவார் என்று பார்னாவுக்குப் பயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க மாமா, நம்ம வாளப் பாத்துட்டு வரலாம்," என்றான். அவர் உடனே தொப்பியை எடுத்தார்.

அன்றிலிருந்து பக்கவாதம் வரும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. மூன்றாம் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நிற்பார்கள். வெள்ளி உறை போட்ட வளைந்த வாள். 'பெர்கெனி குடும்பத்தின் விழா வாள்' என்று கீழே சீட்டு. அவர் பேசுவதற்காகப் பார்னா ஏதாவது கேட்பான்.

"எத்தனை கல்லு மாமா இதுல?"

"நாப்பத்திரண்டு."

அடுத்த ஞாயிறும் அதையே கேட்பான். அவரும் முதல்முறை கேட்டது போலவே குனிந்து, எண்ணி, நாற்பத்திரண்டு என்பார். பிறகு திரும்பி வரும் வழியில் கொஞ்சம் பேச்சு வரும். மழை பற்றி, ஆறு பற்றி, சில சமயம் லில்லா பற்றி.

*

ஹெட்விக் முப்பது வருடமாக அந்த மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். உலோகப் பொருட்களெல்லாம் அவள் பொறுப்பு. தகவல் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. பார்னாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். காப்பி ஊற்றினாள்.

"ஒரு மணி நேரம் போதும்," என்றான் பார்னா. "வெள்ளிக்கிழமை ரெண்டுலேருந்து மூணு. நீங்களே கூட வாங்க. கையில வச்சுக்குங்க. பெட்டி மேல வச்சுட்டு, குழிக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்."

"மூணாம் பெட்டியில இருக்கறத நான் தர முடியாதேப்பா. புதாபெஷ்டுக்கு எழுதணும், காப்பீடு, காவல். ஒரு மாசம் ஆகும்." அவள் தயங்கினாள். "மாமா அதையா கேட்டாரு?"

"எதுன்னு உங்களுக்குத் தெரியும்னார்."

ஹெட்விக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்படியா சொன்னாரு? இதே வார்த்தையா?"

"இதே வார்த்தைதான். அவங்களக் கேளுன்னு ரெண்டு தடவ சொன்னார்."

"அப்ப சரி," என்று எழுந்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து மெல்லிய கோப்பு ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இத மொதல்ல படி. நான் கீழ கிடங்குக்குப் போயிட்டு வரேன்."

கோப்பில் மூன்று கடிதங்கள். மூன்றும் பேருந்துப் பணிமனையின் நேரப் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியவை. கையெழுத்தை அவனுக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது கொடுக்கும் துண்டுச் சீட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து.

முதல் கடிதம் 1991ஆம் வருடத்தது.

'மதிப்பிற்குரிய இயக்குநருக்கு. மூன்றாம் பெட்டியில் எங்கள் பெயர் போட்டிருக்கும் வாள் எங்களுடையது அல்ல. அது மிகவும் நல்ல வாள். எங்களுடையது செம்பு, மேலே தங்கப்பூச்சு. கற்கள் கண்ணாடி. நாட்டின் ஆயிரமாண்டு விழா ஊர்வலத்தில் எல்லாப் பிரபுக்களும் விழா உடையில் போக வேண்டியிருந்ததால் என் கொள்ளுத்தாத்தா மலிவாகச் செய்துகொண்டது என்று என் தந்தை சொல்லியிருக்கிறார். கைப்பிடியில் மூன்றாவது கல் இருக்காது. ஐந்து வயதில் அதை நான் முள்கரண்டியால் நோண்டி எடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருளின் கீழ் என் பெயர் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இன்று காலை என் மகள் தன் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கு அதைக் காட்டிப் பேசிவிட்டாள். ஆகவே அவள் பள்ளியை முடிக்கும் வரை சீட்டை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெர்கெனி ஆகோஷ், ஓட்டுநர், நான்காம் தடம்.'

இரண்டாவது 2006.

'என் மகள் பள்ளியை முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நான்தான் வந்து சொல்லவில்லை, மன்னிக்கவும். வரும் ஞாயிறு அவள் ஒரு பையனை அந்த வாளைப் பார்க்க அழைத்து வருகிறாள். பொறியாளன். கொஞ்சம் குட்டை, ஆனால் நல்லவன் போலத் தெரிகிறது. கல்யாணம் முடியும் வரை பொறுத்துக்கொள்ளவும்.'

பார்னாவுக்கு அந்த ஞாயிறு நினைவிருந்தது. லில்லா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆகோஷ் நாலடி பின்னால், தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். பெண்ணைக் கேட்டு வந்தவனைப் பார்த்து அப்பாவுக்குக் கூச்சம் என்று அன்று நினைத்திருந்தான்.

மூன்றாவது தாளில் தேதி இல்லை.

'என் மகள் இறந்துவிட்டாள். இனி சீட்டை மாற்றிவிடலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மருமகன் ஞாயிறுதோறும் அதைப் பார்க்க வருகிறான். அதில் எத்தனை கல் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான். துக்கத்தில் அவனுக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் வாயே திறக்காதவன் அங்கே வந்தால் பேசுகிறான். அவனுக்காக இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்.'

பார்னா அதை ஒரு முறைதான் படித்தான். இருந்த மடிப்பிலேயே மடித்து மற்ற இரண்டுக்கும் அடியில் வைத்தான். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் குடித்தான்.

ஹெட்விக் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.

மூன்றாம் பெட்டி வாளின் ஏழை உறவுக்காரனைப் போல இருந்தது அது. அதே வளைவு, அதே கொடி வேலைப்பாடு. ஆனால் வேலைப்பாட்டில் ஆழம் இல்லை. தங்கப்பூச்சு தேய்ந்த இடங்களில் செம்பு சிவந்து தெரிந்தது. கற்கள் மருந்துப் புட்டியின் நிறத்தில் இருந்தன. கைப்பிடியில் மூன்றாவது குழி காலியாக இருந்தது.

"நாப்பத்தொம்பதுல அஞ்சு மாளிகைச் சாமானும் ஒரே லாரியில வந்துச்சு," என்றாள் ஹெட்விக். "வாளெல்லாம் உருளைக்கிழங்குச் சாக்குல. பேர் எழுதின அட்டைய நூல்ல கட்டியிருந்தாங்க. நூல் இத்துப்போச்சு. கீழ விழுந்த அட்டைய எடுத்து யாரோ அவங்களுக்குப் பட்டதுல கட்டிட்டாங்க. மூணாம் பெட்டி வாள் எந்த வீட்டுதுன்னு இன்னிக்கும் தெரியாது."

"மாமாவுக்குத் தெரியுமா, இது இங்க இருக்குன்னு?"

"நான்தான் தேடி எடுத்துக் காமிச்சேன். மொதல் லெட்டர் எழுதின வருஷமே. பாத்தாரு. அந்த ஓட்டையில விரல வச்சாரு. தேங்க்ஸ் சொல்லிட்டு பஸ் எடுக்கணும்னு போயிட்டாரு."

பார்னா தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வாள் மட்டும் என்ன," என்றாள் ஹெட்விக், அவன் முகத்தைப் பார்த்து. "இங்க இருக்கற பதினோரு வாளும் விழாவுக்குன்னு செஞ்சதுதான். இருநூறு வருஷம் பழசு மாதிரி தெரியணும்னு சொல்லிச் செய்ய வச்சது. ஒண்ணும் ஒரு முள்ளங்கியக் கூட வெட்டினதில்ல. இது கொஞ்சம் மலிவு, அவ்வளவுதான். இத நான் என் கையெழுத்துலயே தரலாம்."

"பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. வெள்ளி, நீலக் கல்லுன்னு. பஸ் டிரைவர்ங்க அத்தனை பேரையும் மாமா கூட்டிட்டு வந்து மூணாம் பெட்டியக் காட்டியிருக்கார்."

"வேண்டாம்னா வேண்டாம். மியூசியம் தர மாட்டேன்னு சொல்லிடுச்சுன்னு சொல்லிடு. எல்லாரும் நம்புவாங்க. எங்களத் திட்டறதுன்னா எல்லாருக்கும் சந்தோஷம். மாமா பேரும் கெடாது."

பார்னா எழுந்து மாடிக்குப் போனான். கூடத்தில் யாரும் இல்லை. மூன்றாம் பெட்டி முன்னால் தனியாக நின்றான். வெள்ளி மினுமினுத்தது. நீலப்பச்சைக் கற்கள் நாற்பத்திரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. லில்லா இதைக் காட்டித்தான் அவனிடம், தொடாத, எங்க வீட்டுது, என்று சிரித்தாள். மியூசியம் தரவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும். ஆனால் கேட்டவருக்கு எது வேண்டும் என்பது தெரிந்தே இருந்தது. அதைத்தான் அவர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கீழே இறங்கி வந்தான். ஹெட்விக் வாளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணே முக்காலுக்குக் கொண்டு வந்துடறீங்களா?"

"வந்துடறேன்." அவள் முடிச்சுப் போட்டாள். "அந்தச் சீட்டு. ஒவ்வொரு வருஷமும் மாத்தணும்னு எழுதி வச்சு, நானே அடிச்சுடுவேன். இன்னும் யாருக்காகவாவது விட்டு வைக்கணுமா?"

பார்னா யோசித்தான்.

"இல்ல. இனிமே யாரும் இல்ல," என்றான்.

*

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் பெட்டி மூடியிருந்தது. வெளியே, லில்லாவின் கல்லுக்குப் பக்கத்தில், புதிதாக வெட்டிய மண்ணைப் பச்சைத் துணி போட்டு மறைத்திருந்தார்கள். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் புனிதர்கள் தினம் நெருங்கியதால் தோட்டம் முழுக்கச் செவ்வந்தி.

ஹெட்விக் சொன்ன நேரத்துக்கு வந்து, வாளைப் பெட்டிமேல் குறுக்காக வைத்துவிட்டு, தள்ளித் தூண் ஓரம் நின்றுகொண்டாள். மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் அது வாளாகத்தான் தெரிந்தது. கிட்டே போனால்தான் தெரியும்.

முதலில் கிட்டே போனவர்கள் ஓட்டுநர்கள். எட்டுப் பேர், பழைய சீருடைத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பெரிய வயிறும் கனத்த குரலுமாக முன்னால் வந்தவர் மிஷி. பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"போயிட்டு வா பிரபு." பிறகு குனிந்து பார்த்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பார்னாவிடம் கேட்டார். "இது என்னப்பா, அது மாதிரி இல்லியே? மியூசியத்துல பளபளன்னு இருந்துச்சு. நீலமா. இதுல ஒரு பல்லு வேற போயிருக்கு."

பின்வரிசையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். அகுஸ்தா முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள்.

"அது எங்களோடது இல்ல மிஷி மாமா," என்றான் பார்னா. குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "மியூசியத்துல பேரு மாறிப்போச்சு. இதுதான் அவரோடது. செம்பு. கண்ணாடிக் கல்லு."

மிஷி வாளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"மொதல்லேருந்தே தெரியும்."

"திருட்டுப் பய," என்றார் மிஷி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கள வரிசையா நிக்க வச்சு கல்ல எண்ணச் சொன்னானே."

அகுஸ்தா எழுந்தாள். பார்னா அவள் முழங்கையைப் பிடிக்கப் போனான். அவள் பிடிக்க விடவில்லை. தானாக நடந்து வந்து, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாள்மீது குனிந்தாள். அறுபத்து நாலு வருடமாக அவள் மனசுக்குள் தொங்கிக்கொண்டிருந்த வாள், இத்தனை பேர் முன்னால் செம்பாகவும் கண்ணாடியாகவும் போயிருந்தது.

அவள் விரல் உறைமீது நகர்ந்து கைப்பிடிக்குப் போனது. மூன்றாவது குழியில் நின்றது.

"முள்கரண்டி," என்றாள்.

"ஆமா பெரியம்மா."

"இவன் நோண்டினான். அடி வாங்கினது நான். பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தியேன்னு." குழியிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள். "அந்தக் கல்ல என்ன பண்ணான்னு உங்கிட்டச் சொன்னானா?"

"இல்ல."

"முழுங்கிட்டான். மூணு நாள் அவனப் பானையில உக்கார வச்சு அம்மா காத்துட்டு இருந்தாங்க. வரவே இல்ல."

மிஷியிடமிருந்து இருமல் போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று தெரிந்ததும் இன்னொரு ஓட்டுநர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அகுஸ்தா திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவள் உதடும் நிலையாக இல்லை.

"அப்ப வாள் முழுசாத்தான் இருக்கு," என்றாள் பெட்டியைப் பார்த்து.

பிறகு பார்னாவுக்கு மட்டும் கேட்கும்படி, "இது எல்லாமே கண்ணாடிதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அந்தச் சுவர் முழுக்க விழுந்த நீலம்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார்.

பெட்டியைச் சக்கர வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தபோது தூறல் வலுத்திருந்தது. மூடி நடுவில் மேடாக இருந்ததால், சரளைக்கல் பாதையில் வண்டி குலுங்கியதும் வாள் ஒருபக்கமாக வழுக்கியது. பின்னால் நடந்துகொண்டிருந்த ஹெட்விக் ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் பார்னா கையை நீட்டி வாளை அழுத்திப் பிடித்துவிட்டான்.

கையை எடுத்தால் மறுபடி வழுக்கும் போலிருந்தது. அதனால் எடுக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே, உள்ளங்கையைக் கைப்பிடிமேல் வைத்தபடி நடந்தான். குடையை விரிக்க இன்னொரு கை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. மழைநீர் சட்டைக் கைக்குள் இறங்கியது. உலோகம் முதலில் சில்லென்று இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவன் கைச்சூட்டுக்கு வந்தது. மண்டபத்திலிருந்து குழி வரை முந்நூறு அடி இருக்கும். வண்டி தள்ளுகிறவர்கள் அவசரப்படவில்லை.

குழி ஓரத்தில் வண்டி நின்றது. ஹெட்விக் கம்பளித் துணியை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். கயிறு போடுகிறவர் பார்னாவைப் பார்த்தார்.

"எடுத்துடலாமா சார்?"

"ஒரு நிமிஷம்," என்றான்.

பிறகு அவனே எடுத்துக் கொடுத்தான்.

*

சாவுச் சாப்பாடு பணிமனை உணவகத்தில். மிஷிதான் ஏற்பாடு. நீள மேசைகளை ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். இறைச்சிச் சூப்பின் ஆவி ஜன்னல் கண்ணாடிகளில் படிந்து வெளியே நின்ற பேருந்துகளை மறைத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆகோஷ் ஒருமுறை பனியில் பேருந்தை நிறுத்திவிட்டு ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது பயணிகளே பேருந்தை ஓட்டிக்கொண்டு போயிருந்த கதை. யாரோ அதை நம்பவில்லை. யாரோ தானே அந்தப் பேருந்தில் இருந்ததாகச் சத்தியம் செய்தார்.

பார்னா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அகுஸ்தா போகாச்சா தட்டை அவன் பக்கம் தள்ளினாள். எடுக்கக் கையை நீட்டியதும் அவள் பார்த்துவிட்டாள். வலது உள்ளங்கையில், பெருவிரல் அடியிலிருந்து குறுக்காக, பச்சையும் கறுப்புமாக ஒரு பட்டை. பழைய செம்பின் வாடை.

"போய்க் கையக் கழுவிட்டு வா. சோப்பு வச்சிருக்காங்க."

"போறேன் பெரியம்மா."

போகவில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு அவன் முன்னால் வைத்தாள்.

மிஷி புட்டியோடு ஒவ்வொருவரிடமாக வந்தார். பிளம் பழத்தில் காய்ச்சிய சாராயம், பாலிங்கா. சின்னக் கண்ணாடிக் கோப்பையை விளிம்பு வரை ஊற்றி நீட்டினார்.

"இந்தா மாப்பிள்ளை. பிரபுவுக்கு."

பார்னா வலது கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கோப்பையை வாங்கினான்.